ஒருசந்தியும் ஐயாயிரம் மீற்றரும்

பங்குனி 4, புதன்

விடிய நல்ல பனி. காத்து இல்லை, கடல் சத்தம் மட்டும். 4.50க்கு றோட்டில இறங்கி, முள்ளிவாய்க்கால் பக்கம் போய், நாலாம் கட்டையில திரும்பி வீடு. எட்டுக் கிலோமீற்றர். கடைசி இரண்டும் ஓட்டம் எண்டு சொல்லேலாது. கோழி கூட முந்திப் போகும்.

பின்னேரம் மைதானத்தில ஓட்டம் பழக்கிற சேர் நேரம் பிடிச்சவர். ஐயாயிரம் மீற்றர்: 20.31. போன வருசம் இதே மாசம் 19.08. சேர் மணிக்கூட்டை ஒருக்காக் காதில வைச்சுப் பாத்தார். மணிக்கூட்டில பிழை இல்லை.

"என்ன பிள்ளை, பாரம் கூடிட்டுதோ?"

இல்லை சேர் எண்டன். உண்மையில தெரியாது.

மாகாணத் தெரிவு 21, சனிக்கிழமை. முதல் இரண்டு பேரைத்தான் எடுப்பினம். போன வருசம் நான் மூண்டாவது. அம்மா தை மாசமே சொல்லிப்போட்டா: "இந்த முறை எடுபடாட்டி ஓட்டத்தை விடுறாய், கலியாணத்துக்கு ஓமெண்டுறாய்." எனக்கும் இருபத்தஞ்சாகுது. ஏதோ துணிச்சலில ஓம் எண்டிட்டன். அப்ப நல்லா ஓடிக்கொண்டிருந்தனான்.

இண்டைக்குச் சாப்பிட்டது:
காலமை பிளேன்ரீ, பாலும் இல்லை, சீனியும் இல்லை.
பத்து மணி ஒண்டுமில்லை.
மத்தியானம் ஒண்டுமில்லை (ஒ.ச.)
பின்னேரம் 6.30, சோறு ஒரு அகப்பை, சூடைமீன் குழம்பு, கொஞ்சம் கீரை.

ஒ.ச. எண்டா ஒருசந்தி. நாளுக்கு ஒரேயொரு சாப்பாடு, அதுவும் செபம் முடிஞ்சு பொழுதுபட. விபூதிப் புதனிலயிருந்து பிடிக்கிறன். ஊரில மற்ற ஆக்கள் தவக்காலத்தில வெள்ளிக்கு வெள்ளி பிடிக்கிறவை. நான் ஒவ்வொரு நாளும். அந்தோனியாருக்கு நேர்த்தி: என்னை முதல் இரண்டுக்குள்ள விடும், நான் மத்தியானச் சோத்தை விடுறன். அம்மாக்கு நல்ல புளுகம், சந்தோசத்தில முகம் மலர்ந்து போச்சு. "இப்பதான் உனக்குப் பக்தி வந்திருக்கு" எண்டு பக்கத்து வீட்டுக்கும் சொல்லிட்டா.

பக்தியோ பேராசையோ, ஆருக்குத் தெரியும்.

பங்குனி 5, வியாழன்

ஓட்டம் 6 கி.மீ. இடது காலில, முழங்காலுக்குக் கீழ முன் எலும்பில ஒரு நோ. விரலால அமத்தினா அந்த ஒரே இடத்தில மட்டும்.

அப்பாக்குத் தேத்தண்ணி குடுக்கக் கடற்கரையில மீன் வாடிக்குப் போனன். மீன்பெட்டி வைச்சு நிறுக்கிற தராசு சும்மா கிடந்தது. ஆக்கள் பாக்காத நேரம் எண்டு நினைச்சு ஏறி நிண்டன். 42. போன ஆவணியில 49.

"என்ன இனம் பிள்ளை, நெத்தலியோ?" எண்டு முதலாளிச் சம்மாட்டி கேக்க, வாடி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரிச்சன். அப்பா மட்டும் சிரிக்கேல்ல. வலையைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

எனக்கு விளங்காதது இதுதான். கிளிநொச்சித் துர்க்கா (ஓட்டக்காரி, என்னோட மாகாணப் போட்டிகளில ஓடினவள்) கார்த்திகையில சொன்னவள், ஒரு கிலோ குறைஞ்சா வேகம் கூடுமாம். அண்டைக்கே சோத்தைப் பாதியாக் குறைச்சன். பாணை விட்டன். தையில 18.59! ஐயோ, துள்ளின துள்ளு. அவள் சொன்னது வேதவாக்கு எண்டு நினைச்சன். இப்ப ஏழு கிலோ குறைஞ்சிருக்கு. அவளின்ர கணக்குப்படி நான் பறக்கோணும். ஊருறன்.

அப்ப இன்னும் குறைக்கோணுமோ? இல்லாட்டி நிப்பாட்டோணுமோ?

பங்குனி 6, வெள்ளி

வெயில் எட்டு மணிக்கே உச்சியைப் பிளக்குது. ஓடேல்ல, காலுக்கு ஓய்வு.

நான் படிப்பிக்கிற முன்பள்ளியில பத்தரைக்குச் சின்னன்கள் சாப்பாட்டுப் பெட்டி திறக்கிறவை. இருபத்திரண்டு பெட்டி. புட்டு, முட்டை, பருப்புச் சோறு, ஒண்டில நூடில்ஸ். எல்லா மணமும் ஒண்டா வந்து மூக்கில ஏற நான் எழும்பி யன்னலடிக்குப் போய் நிண்டன். மதுஷா சாப்பிடமாட்டன் எண்டு அடம். "சாப்பிடாட்டி எப்பிடி ஓடி விளையாடுறது?" எண்டு அதட்டினன். நான், அதுவும் நான்! பிள்ளை அழுதிட்டுது. நான் முந்தி இப்பிடிக் கத்துற ஆளில்லை.

பின்னேரம் சிலுவைப்பாதை. ஒன்பதாம் தலத்தில முழந்தாளிலயிருந்து எழும்பேக்க கண் இருட்டிட்டுது. முன் வாங்குப் பலகையைப் பிடிச்சிட்டன். பக்கத்தில நிண்ட மனுசி பக்தியில அழுறன் எண்டு நினைச்சுத் தோளைத் தடவினா.

எப்ப சாப்பிடோணும், எப்ப விடோணும் எண்டு துர்க்காட்டக் கேட்டன். நாலு குரல் பதிவு அனுப்பியிருக்கிறாள். எழுதி வைக்கிறன், பிறகு யோசிக்கலாம்.

1. ஓட முதல் ஒண்டும் சாப்பிடக்கூடாது, கொழுப்புக் கரையும்.
2. ஓட முதல் வாழைப்பழம் கட்டாயம்.
3. ஓடி அரை மணித்தியாலத்துக்குள்ள சாப்பிடோணும்.
4. ஆறு மணிக்குப் பிறகு சோறு தொடவே கூடாது.

1உம் 2உம் ஒரே ஆள், ஒரே நாள். கேட்டா, "அது வேற வீடியோடி" எண்டுறாள். நாலாவதைப் பிடிச்சா நான் ஒருசந்திச் சோறும் சாப்பிடேலாது. அப்ப காத்தைத்தான் குடிக்கோணும்.

எங்கட வீட்டில சாப்பாட்டு நேரத்தைப் பிடிக்கிறது மணிக்கூடு இல்லை, அப்பாவின்ர படகு. படகு வந்தாத்தான் கறி, கறி வந்தாத்தான் சோறு. இதுக்குள்ள அரை மணித்தியாலக் கணக்கு!

பங்குனி 8, ஞாயிறு

பூசை. வெக்கை. காத்தாடி வேலை செய்யேல்ல.

குசினியில வெங்காயம் உரிச்சுக்கொண்டு இருக்கேக்க அம்மா குனிஞ்சபடியே கேட்டா:

"உனக்கு இந்த மாசம் வந்ததோ?"

"வந்தது."

"எப்ப?"

"போன கிழமை."

பொய். வரேல்ல. மாசியிலயும் இல்லை, தையிலயும் இல்லை, மார்கழியிலயும் இல்லை. கடைசியா வந்தது கார்த்திகை. முதல் மாசம் கரைச்சல் விட்டுது எண்டு சந்தோசமாத்தான் இருந்தனான், வெள்ளைக் காற்சட்டையோட பயமில்லாமல் ஓடலாம். இரண்டாம் மாசம் யோசினை. இப்ப யோசிக்கவே பயம். ஓட்டக்காரியளுக்கு அப்பிடித்தான் எண்டு துர்க்கா சொல்லுறாள். அவள் என்னதான் சொல்லமாட்டாள்.

பூசைக்குப் போய்ட்டு வந்து அரை நாளாகேல்ல, வெங்காயத்துக்குப் பக்கத்தில இருந்து பொய்.

பங்குனி 10, செவ்வாய்

காலமை 5 கி.மீ. நோவோட. 4ஆவதில நிண்டிட்டன்.

முன்பள்ளி முடிஞ்சு வர வீடு சத்தமில்லை. அம்மா அறைக்குள்ள கதிரையில. அலுமாரி திறந்து கிடக்குது. மடியில இரண்டு நப்கின் பக்கற், மார்கழியில வாங்கினது. உடைக்கேல்ல.

"ஆரடி அவன்?"

எனக்கு முதல் விளங்கவேயில்லை. சத்தியமா. எவன்?

"அந்தச் சேரோ?"

சேருக்கு ஐம்பத்தைஞ்சு வயசு! மூண்டு பேரப்பிள்ளை! எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, பயத்தில வந்த சிரிப்பு. சிரிச்சது பிழையாப் போச்சு. அம்மா எழும்பி வந்து கையை ஓங்கினா. அடிக்கேல்ல. ஓங்கின கையால தன்ர தலையில அடிச்சா.

"விடியப்பறம் இருட்டுக்க ஓட விட்டன். பக்தி எண்டு ஊரெல்லாம் சொன்னன். வாந்தி வாறதெண்டு சாப்பிடாமல் இருந்திருக்கிறாய், நான் ஒருசந்தி எண்டு நினைச்சன். என்ன விசரி நான்!"

இல்லை அம்மா, இல்லை அம்மா எண்டு எத்தினை தரம் சொன்னன். அந்தோனியார் மேல சத்தியம் பண்ணினன். போன ஞாயிறு சொன்ன பொய்யைத் தூக்கி முன்னால வைச்சா. 

அப்ப ஏன் வரேல்ல எண்டு கேட்டா. தெரியாது எண்டன். அதுதான் உண்மை. ஆனா கேக்கிற ஆளுக்கு அது உண்மை மாதிரிக் கேக்காது.

என்ர ஓடுற சப்பாத்தை எடுத்து அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிட்டா.

பங்குனி 11, புதன்

ஓட்டமில்லை.  அம்மா சோத்தை மூடி வைச்சிட்டுப் போறா. அப்பாக்கு ஒண்டும் தெரியாது, "ஏன் இரண்டு பேரும் மூஞ்சியை நீட்டிக்கொண்டு திரியிறியள்?" எண்டு கேட்டிட்டுப் படுத்திட்டார்.

எனக்கே சந்தேகம் வருது. ஒண்டுமே நடக்காமலும் வயித்தில பிள்ளை வருமோ? பைத்தியக்காரி, வேதாகமத்தில ஒருத்திக்குத்தான் வந்தது.

பங்குனி 12, வியாழன்

வவுனியா. ஊர் ஆசுப்பத்திரி வேண்டாமாம், தெரிஞ்ச முகம் இருக்குமாம். விடிய 5.40 பஸ். அம்மா முன் சீற்றில, நான் பின்னால. மாங்குளம் மட்டும் ஒருக்காக் கூடத் திரும்பிப் பாக்கேல்ல.

நெளுக்குளம் போற பக்கம் ஒரு பொம்பிளை டொக்டர். மெல்லிசு ஆள், மூக்குக்கண்ணாடி. அம்மா கதவைச் சாத்தி, குரலைத் தணிச்சு, "எத்தினை மாசம் எண்டு பாத்துச் சொல்லுங்கோ" எண்டா. நேரா மாசக் கணக்குத்தான்! எனக்கு நிலம் பிளந்து உள்ள போகலாம் போல இருந்தது.

நேர்ஸ் மிஸ்ஸி மூத்திரம் எடுக்கச் சின்னப் போத்தல் தந்தா. பத்து நிமிசம். டொக்டர் வந்து, "அம்மா, உங்கட மகளுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை" எண்டா.

அம்மா நம்பேல்ல. "வடிவாப் பாத்தனீங்களோ?"

"வடிவாப் பாத்தனான்."

பிறகு என்னட்டக் கேட்டா, ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுறனீங்கள், எத்தினை மணிக்கு, எவ்வளவு ஓடுறனீங்கள். சொன்னன். மருந்துத் துண்டின்ர பின்பக்கம் எழுதிக் கூட்டினா. கூட்டினதை என்ர பக்கம் திருப்பினா. நான் சாப்பிடுறது ஆயிரம் கலோரிக்கும் வரேல்ல. அதில பாதி ஓட்டத்துக்கே போகுதாம். மிச்சத்தில இதயம், மூளை, எலும்பு எல்லாம் ஓடோணுமாம்.

"சாமான் காணாட்டி உடம்பு எதை முதல் நிப்பாட்டும்? பிள்ளை பெறுறதுக்கான வேலையை நிப்பாட்டும். பிறகு எலும்புக்குக் குடுக்கிறதைக் குறைக்கும். அதுதான் கால் நோ."

"தையில நல்லா ஓடினனானே?"

"கொஞ்ச நாளைக்கு அப்பிடித்தான் காட்டும். உள்ளுக்க இருந்ததை எடுத்துச் செலவழிச்சிருக்கு."

காலை அமத்திப் பாத்தா. படம் எடுத்ததில வெடிப்புத் தெரியேல்ல. ஆனா தெரியாமலும் இருக்குமாம். ஆறு கிழமை ஓடக்கூடாது. ஓடினா எலும்பு முறியலாம்.

21ஆம் திகதி தெரிவு எண்டன். தலையாட்டினா. கேட்டதுக்கு ஆட்டினதோ, மாட்டன் எண்டு ஆட்டினதோ தெரியேல்ல.

"ஏன் மத்தியானம் சாப்பிடுறேல்ல?"

"ஒருசந்தி."

"என்ன நேர்த்திக்கு?"

"நல்லா ஓட."

டொக்டர் சிரிக்கேல்ல. பேனையை மூடி வைச்சா. அம்மா சுவரைப் பாத்தா.

திரும்பி வரேக்க ஒரே சீற்றில இருந்தம். மாங்குளத்தில பஸ் நிக்க அம்மா இறங்கிப் போய் இரண்டு றோல்ஸும் வாழைப்பழமும் வாங்கி வந்து மடியில வைச்சா.  "சாப்பிடு."

"ஒருசந்தி அம்மா. பொழுதுபடேல்ல."

அம்மா என்னைப் பாத்த பார்வை. நான் சாப்பிடேல்ல. றோல்ஸ் மடியில ஆறிச்சுது. எண்ணெய் பாவாடையில பிடிச்சிட்டுது.

பங்குனி 13, வெள்ளி

மழை வாற மாதிரி இருட்டிப்போட்டு வரேல்ல.

டொக்டர் தந்த துண்டு: விடிய ஓட முதல் வாழைப்பழம் (ஆறு கிழமை கழிச்சு ஓட்டம் திரும்பத் தொடங்கின பிறகு). ஓடி முடிஞ்சு ஒரு மணித்தியாலத்துக்குள்ள புட்டு அல்லது பாண், முட்டை. பத்தரைக்குக் கச்சான் (நிலக்கடலை) அல்லது அவிச்ச கடலை. ஒரு மணிக்குச் சோறு, மீன், பருப்பு, இப்ப சாப்பிடுறதின்ர மூண்டு மடங்கு. நாலு மணிக்குப் பால். இரவும் சோறு. இரவுச் சோறு ஒண்டும் செய்யாதாம்! துர்க்காக்கு அனுப்பினன். "அந்த டொக்டர் ஓடுறவவோ?" எண்டு கேக்கிறாள்.

என்ர குழப்பம் வேற. நேர்த்தியைப் பாதியில விட்டா என்ன நடக்கும்? பெரியம்மா ஒருக்கா மெழுகுதிரி நேர்த்தியை மறந்து, அந்தக் கிழமையே வலை கிழிஞ்சது எண்டு இப்பவும் சொல்லுறவா. விட்டா அந்தோனியார் கோவிப்பார். பிடிச்சா கால் முறியும். ஓடாமல் விட்டா ஓட்டமே போகும். எல்லாப் பக்கமும் கதவு சாத்தியிருக்கு. அந்தோனியார் சாப்பிடாத என்னை வைச்சு என்ன செய்யிறார்?

பின்னேரம் 6.30, சோறு ஒரு அகப்பை. இரண்டாவது அகப்பை போடக் கை போச்சு, பிறகு வைச்சிட்டன். பழக்கம். வயித்துக்கும் பயம் பிடிச்சிட்டுது.

பங்குனி 15, ஞாயிறு

பூசை முடிய அம்மா என்னை நிக்கச் சொல்லிப்போட்டு அந்தோனியார் சுருவத்தடிக்குத் தனியாப் போனா. முக்காட்டை இழுத்துவிட்டு, வாய் அசைய, ஏதோ கடைக்காரனோட பேரம் பேசுற மாதிரி நிண்டா. கன நேரம்.

வெளியில வந்து சொன்னா:

"உன்ர ஒருசந்தியை நான் எடுத்திட்டன்."

"என்ன?"

"வீட்டில ஒராள் பிடிச்சாக் காணும். ஆர் பிடிச்சாலும் கணக்கு ஒண்டுதான். ஓட்டம் எண்டு கேக்கேல்ல, கால் சுகமாகோணும் எண்டு மாத்திச் சொல்லிட்டன். நீ சாப்பிடு."

இப்பிடியும் மாத்தலாமோ? என்ர நேர்த்தி என்ர வாய்க்குத்தானே? தெரியேல்ல. அம்மா கேட்டுச் செய்யிற ஆளில்லை, செய்துபோட்டுச் சொல்லுற ஆள்.

மத்தியானம் சாப்பாட்டுக் கோப்பையில மலை மாதிரிச் சோறு. பாரை மீன் பொரியல், பருப்பு, முருங்கைக்காய். எதிர்க் கதிரையில அம்மா, வெறுங்கையோட.

"நீங்கள் சாப்பிடாமல் இருக்க நான் எப்பிடிச் சாப்பிடுறது?"

"நாலு மாசமா நீ கோப்பையை அளைஞ்சு கொண்டிருக்க நான் அப்பிடித்தானே சாப்பிட்டனான்."

ஒரு கவளம் வைச்சன். அழுகையும் சோறும் ஒண்டா இறங்கேல்ல, புரைக்கேறிட்டுது. அம்மா தலையில தட்டினா. பாதிதான் முடிஞ்சுது. முந்தி இது எனக்குக் கால் வயிறு.

பங்குனி 18, புதன்

சாப்பிட்டது: காலமை பாண் 3 துண்டு, முட்டை 1, சம்பல். 10.30 கச்சான் ஒரு பிடி. 1.10 சோறு இரண்டரை அகப்பை, றால் குழம்பு, பருப்பு. 4 மணி பால், சீனியோட. 7.30 புட்டும் சொதியும்.

அம்மா: பிளேன்ரீ. பின்னேரம் சோறு.

வயிறு ஊதிப்போய்க் கிடக்குது. முகம் வீங்கின மாதிரி. நான் பன்னி ஆகிறன் எண்டு ஒரு மனம், நல்லா நித்திரை வருது எண்டு இன்னொரு மனம். மதுஷாவோட இண்டைக்குக் கத்தேல்ல. அது சாப்பாட்டாலயோ, தற்செயலோ, தெரியாது.

அம்மா பத்து மணி வெயிலில கருவாடு புரட்டேக்க ஒருக்கா இருந்திட்டா. "ஒண்டுமில்லை, தலை சுத்து."  நான் சிலுவைப்பாதையில நிண்டது இப்பிடித்தான். விடுங்கோ அம்மா எண்டு கெஞ்சினன். "உனக்குச் சுகம் வரட்டும், விடுறன்." பிடிவாதம் இந்த வீட்டில ஆருக்குக் குறைவு?

பங்குனி 19, வியாழன்

சேர் ரெலிபோன் எடுத்தார். மற்ற மாவட்டத்துப் பிள்ளை ஒருத்தி வரமாட்டாளாம். "மெதுவா ஓடினாலும் இரண்டாவதா வரலாம் பிள்ளை. காலுக்கு ஒரு ஊசி போடலாம். சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வான் உங்கட வாசலால வரும்."

டொக்டர் சொன்னது முழுக்கச் சேருக்குச் சொல்லேல்ல. கால் நோ எண்டு மட்டும் சொன்னன். மிச்சத்தை ஒரு ஆம்பிளைக்கு எப்பிடிச் சொல்லுறது?

இரண்டாவது! பன்னிரண்டரைச் சுற்று. இருபது நிமிசம். இருபது நிமிசத்தில எலும்பு முறியுமோ? முறியாமலும் விடலாம்தானே? ஓடாட்டி எடுபடமாட்டன், எடுபடாட்டி அம்மாக்குக் குடுத்த வாக்கு இருக்கு. ஓடினா, டொக்டர் சொன்னது இருக்கு.

வாறன் சேர் எண்டிட்டன்.

பங்குனி 21, சனி

இப்ப காலமை ஏழரை. நடந்ததை அப்பிடியே எழுதுறன்.

நாலு மணிக்கு எழும்பினன். அலுமாரி பூட்டியில்லை. சப்பாத்து வெளியில, நாடா கட்டி, துடைச்சு வைச்சிருக்கு. குசினியில வெளிச்சம். அம்மா புட்டு அவிச்சு, முட்டை பொரிச்சு, மீன் குழம்பு சூடாக்கி வைச்சிருந்தா. எப்பிடித் தெரிஞ்சதெண்டு கேக்கேல்ல. இந்த வீட்டில ரெலிபோன் கதை சுவருக்கால கேக்கும்.

"போறியோ?"

"தெரியேல்ல அம்மா."

"போறதெண்டாலும் சாப்பிட்டிட்டுப் போ. போகாட்டிலும் சாப்பிடு."

அவ்வளவுதான். போகாதை எண்டு சொல்லேல்ல. சொல்லியிருந்தாச் சண்டை பிடிச்சுப் போயிருப்பன்.

காற்சட்டையும் பனியனும் போட்டபடியே இருந்து சாப்பிட்டன். அம்மா எதிரில, பிளேன்ரீக் கோப்பையோட. கன்னம் ஒட்டிப்போய் இருந்தது. ஆறு நாளிலயே! நான் நாலு மாசம் அப்பிடி இருந்திருக்கிறன், இவா அதைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறா. காலைக் கதிரைக்குக் கீழ நீட்டி, எலும்பை மற்றக் காலால அமத்திப் பாத்தன். நோகுது. நல்லா நோகுது.

அஞ்சுக்கு அஞ்சு நிமிசம் இருக்க வான் வந்தது. ஹோர்ன் ஒருக்கா. பிறகு இன்னொருக்கா. என்ர கையில புட்டு. எழும்போணும் எண்டு நினைக்கிறன், எழும்பேல்ல. இன்னொரு அகப்பை தாங்கோ எண்டு கோப்பையை நீட்டினன். ஏன் நீட்டினன் எண்டு இப்பவும் தெரியாது. பசிச்சுது.

அம்மா போட்டிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டு வாசலுக்குப் போனா. இந்தச் சேரைத்தான் பத்து நாளைக்கு முதல் என்ன சொன்னவா. 

"பிள்ளை சாப்பிடுறாள் சேர். இந்த முறை வரமாட்டாள். அடுத்த வருசம் கட்டாயம் ஏத்த வாங்கோ, ஓடுவாள்."

வான் போயிட்டுது. நான் குழம்புச் சட்டியைக் கிட்ட இழுத்தன்.